நஞ்சை தோப்பான கதை

ராஜபாளையத்திலிருந்து மேற்கே அய்யனார் கோயிலுக்குப் போகும் சாலையில் முதல்முறை வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள். “அப்படியே கேரளா மாதிரி இருக்கே!” இரண்டு பக்கமும் தென்னை, நடுநடுவே மா, பின்னால் நீலமாய் மலை. கேட்கிற உள்ளூர்க்காரருக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புப் பக்கம் போனாலும், தெற்கே சேத்தூர், தேவதானம் பக்கம் போனாலும் இதே காட்சி, இதே வாக்கியம்.

ஆனால் கேரளா மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை அங்கே கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் வெறும் காற்றாக இறங்குகிறது. அங்கே ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை. இங்கே 800ஐ ஒட்டி. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்துவிடும். தென்னையோ 1300 முதல் 2300 மில்லிமீட்டர் வரை, அதுவும் வருசம் முழுக்கப் பரவிப் பெய்யும் மழையைக் கேட்கிற மரம். வானத்தை மட்டும் நம்பினால் இந்தச் சாலையோரத்தில் ஒரு தோப்புகூட நிற்காது.

அப்படியானால் மீதித் தண்ணீரை யாரோ, எங்கிருந்தோ எடுத்து, நாள் தவறாமல் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். யார், எங்கிருந்து, எப்போதிலிருந்து என்று கேட்டுக்கொண்டு போனால், மலையடிவாரத்தின் நூறு வருச வரலாறு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது.

*

ஸ்ரீவில்லிபுத்தூரின் மிகப் பழைய வேளாண் சித்திரம் ஆண்டாளிடம் இருக்கிறது. திருப்பாவையின் மூன்றாம் பாட்டில் மழை கேட்கிறாள். மழை பெய்தால் என்ன நடக்கும் என்றும் சொல்கிறாள்: செந்நெல் ஓங்கி வளரும், அதனூடே கயல்மீன் துள்ளும், குவளைப் பூவில் வண்டு தூங்கும், பசுக்கள் குடம் நிறைக்கும். வயலில் மீன் துள்ள வேண்டுமென்றால் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். அது நெல்வயலின் காட்சி. அந்தப் பாட்டில் தென்னை இல்லை.

தென்னை அப்போது தமிழ்நாட்டுக்குத் தெரியாத மரம் என்று இதற்கு அர்த்தமில்லை. பட்டினப்பாலை காவிரிக்கரைத் தோட்டங்களை வரிசைப்படுத்தும்போது வாழை, கமுகோடு தெங்கையும் சேர்த்தே சொல்கிறது. பிராமணர்களுக்கு ஊரைத் தானம் கொடுத்த சோழர் காலச் செப்பேடுகளில், அந்த ஊரின் தென்னையிலும் பனையிலும் கள் இறக்கும் ஈழவர் ஏறக்கூடாது என்று ஒரு நிபந்தனையே உண்டு. மரம் இருந்தது, மரத்தின் மேல் உரிமையும் இருந்தது, அந்த உரிமையைச் சாதி பிரித்துக் கொடுப்பதும் இருந்தது. மரபணு ஆய்வாளர்கள் 2011ல் வெளியிட்ட ஒரு கட்டுரை, மனிதன் தென்னையைப் பழக்கியது உலகில் இரண்டு இடங்களில் என்கிறது. ஒன்று பசிபிக் தீவுப்பகுதி. இன்னொன்று இந்தியாவின் தென்கோடி, இலங்கை, மாலத்தீவு, லட்சத்தீவு சேர்ந்த வட்டாரம். ஆக, தென்னை நமக்கு விருந்தாளி இல்லை.

ஆனால் மழை மறைவுப் பகுதியில் அதன் இடம் வேறாக இருந்தது. வீட்டுக் கொல்லை, கிணற்றடி, வாய்க்கால் ஓரம், கண்மாய்க் கரையின் அடிப்பக்கம் என்று ஈரம் கசியும் இடமாகப் பார்த்து நான்கைந்து மரம் நிற்கும். கீற்று கிடுகாகிக் கூரை ஏறும், ஈர்க்கு விளக்குமாறாகும், சிரட்டை அகப்பையாகும், காய் குழம்புக்கும் கோயிலுக்கும் போகும். அது வீட்டு மரம். விளைநிலத்தை நெல்லிடமிருந்து பறிக்கிற அளவுக்கு வளரவில்லை.

விளைநிலத்தை நிர்ணயித்தது கண்மாய். மலையிலிருந்து இறங்கும் ஓடைகளும் ஆறுகளும் வைப்பாற்றில் சேர்ந்து மன்னார் வளைகுடாவுக்குப் போவதற்குள், அவற்றைக் கண்மாய் கண்மாயாக நிறுத்தி வைத்திருந்தார்கள். மேல் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாகக் கீழ்க் கண்மாய்க்கு. ஒரு கண்மாய்க்குக் கீழே நூறு பேருக்கு நிலம் இருந்தால், நூறு பேருக்கும் ஒரே மடைதான். எந்த நாளில் மடை திறப்பது, யார் வயலுக்கு முதலில், தண்ணீர் குறைந்தால் யாருடைய பயிரை விடுவது என்பதையெல்லாம் ஊர் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கென்று நீர்பாய்ச்சி இருந்தார், அவருக்குக் கூலியாகக் களத்து நெல். வரத்துக்கால் தூர்வாருவதும் கரை கட்டுவதும் குடிமராமத்து. 1858ல் ஆங்கிலேய அரசு இதற்காகச் சட்டமே கொண்டுவந்தது. ஊர் வேலைக்கு வராதவனைக் கட்டாயப்படுத்தலாம் என்று.

இந்த ஏற்பாட்டைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. மடையில் முதல் தண்ணீர் யாருக்கு என்பதைச் சாதியும் நிலமும்தான் தீர்மானித்தன. நாற்று நட்டவர்களுக்கும் அறுத்தவர்களுக்கும் பெரும்பாலும் நிலம் கிடையாது. ஆனாலும் ஒன்று உண்மை. கண்மாய்த் தண்ணீரை ஒருவர் மட்டும் தனியாக எடுக்க முடியாது. அடுத்தவனைச் சகிக்காமல் நெல் விளைவிக்க முடியாது.

*

தென்னையை வீட்டு மரத்திலிருந்து பணப்பயிராக்கியது வெகுதூரத்தில் நடந்த மாற்றம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சோப்பும் மெழுகுவர்த்தியும் ஆலைப் பொருளாயின. இரண்டுக்கும் தேங்காய் எண்ணெய் தேவைப்பட்டது. சோப்புக் காய்ச்சும்போது கிடைக்கும் கிளிசரினிலிருந்து வெடிமருந்து செய்யலாம் என்று தெரிந்தபின், கொப்பரைக்குப் போர்க்காலத்திலும் மவுசு வந்தது. இலங்கையில் கொழும்பு, குருநாகல், புத்தளத்துக்கு நடுவே ‘தென்னை முக்கோணம்’ என்று சொல்கிற அளவுக்குத் தோட்டங்கள் எழுந்தன.

சென்னை மாகாண அரசு 1916ல் காசர்கோட்டில் தென்னை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அன்று காசர்கோடு தென்கன்னட மாவட்டம், நம் மாகாணம்தான். அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக, 1930களில் நீலேஸ்வரத்தில் ஜே.எஸ். பட்டேல் நெட்டையையும் குட்டையையும் ஒட்டுச் சேர்த்து, தென்னையில் கலப்பின வீரியம் உண்டு என்று உலகத்துக்கு முதலில் காட்டினார். இன்று நாற்றுப் பண்ணையில் ‘ஹைபிரிட்’ கன்று கேட்டு வாங்குகிற ஒவ்வொருவரும் அந்தச் சோதனையின் வாரிசுதான்.

ஆனால் நிலையங்கள் எல்லாம் மேற்குக் கரையில். மலைக்குக் கிழக்கே, 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்திலும் பிறகு ராமநாதபுரத்திலும் இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா, குளத்துக்குக் கீழே நெல்லும் மேட்டில் பருத்தியும் சிறுதானியமுமாக இருந்தது. ராஜபாளையம் பருத்தியின் பக்கமாகவே நகர்ந்தது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியது 1936ல். தென்னைக்கு இன்னும் நேரம் வரவில்லை. காரணம் எளிது. நெல்லுக்கு மூன்று நான்கு மாதம் தண்ணீர் போதும். தென்னைக்குச் சித்திரை வெயிலிலும் வேண்டும். சித்திரையில் கண்மாய் காய்ந்து கிடக்கும். கிணற்றில் இருக்கும், ஆனால் அதைக் கமலை கட்டி மாட்டை வைத்து இறைத்து, ஏக்கர் ஏக்கராக மரத்துக்கு ஊற்றக் கட்டுப்படியாகாது.

*

அந்தத் தடையை உடைத்தது மின்சாரம். பாபநாசம் நீர்மின் நிலையம் 1944ல் ஓடத் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பின் கம்பிகள் கிராமங்களுக்கு வந்தன. ஆயில் இன்ஜினும் பிறகு மின்மோட்டாரும் கமலையை ஓரங்கட்டின. 1984ல் சிறு விவசாயிகளுக்கும் 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. சித்திரைத் தண்ணீர் என்பது இனி ஒரு சுவிட்ச்.

நில உறவும் அதே காலத்தில் மாறியது. 1948ன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு சேத்தூர் போன்ற ஜமீன்களின் காலம் முடிந்தது. 1955ல் சாகுபடி செய்யும் குத்தகைதாரரை இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாதபடி சட்டம் வந்தது. 1961ன் நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 தரப்படுத்திய ஏக்கர் என்று வரம்பு கட்டியது. 1970ல் அது 15 ஆனது. 1961 சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. 1959 ஜூலை 1க்கு முன் பழத்தோட்டமாகவோ தோப்பாகவோ மாற்றப்பட்ட நிலத்துக்கு வரம்பு பொருந்தாது. சட்டம் நெல்வயலை ஒரு கண்ணாலும் தோப்பை இன்னொரு கண்ணாலும் பார்த்தது. தேதி கடந்துவிட்டாலும், தோப்பு என்றால் சிக்கல் குறைவு என்கிற எண்ணம் ஊருக்குள் தங்கிவிட்டது. வயலைக் குத்தகைக்கு விட்டால் உழுகிறவன் உரிமை கேட்கலாம். தோப்பில் காயை மட்டும்தான் குத்தகைக்கு விடுவது. வெட்டுகிறவன் இரண்டு மாதத்துக்கொரு முறை வருவான், வெட்டுவான், போவான். மண்ணோடு அவனுக்கு உறவு கிடையாது.

மூன்றாவது, ஆள். நெல்லுக்கு நாற்றுப் பறிக்க, நட, களை எடுக்க, அறுக்க எல்லாவற்றுக்கும் கூட்டமாக ஆள் வேண்டும், குறிப்பாகப் பெண்கள். ராஜபாளையத்தில் நூற்பாலைகள் பெருகின, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறிகள் ஓடின, சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும். வெயிலில் குனிந்து நடுவதைவிட நிழலில் வாரக்கூலி மேல் என்று ஜனங்கள் போனார்கள், போனது நியாயம்தான். நிலக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் படித்துச் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். ஊரில் மிச்சம் இருந்த வயதான அப்பாவுக்கு, ஆள் அதிகம் கேட்காத பயிர் ஒன்று தேவைப்பட்டது. தென்னை அதற்கென்றே செய்தது போல இருந்தது. கன்று வைத்தால் ஆறேழு வருசத்தில் காய்ப்பு, பிறகு அறுபது வருசம் நிற்கும். “வச்சாச்சு, இனி அது பாத்துக்கும்” என்பார்கள்.

பெருங்கூட்டமாக நாற்று நட்ட பெண்களுக்கு அந்தத் தோப்பில் வேலை இல்லை என்பது இந்தக் கதையில் யாரும் கணக்கு எழுதாத வரி. காய் பொறுக்க, மட்டை இழுக்க இரண்டு பேர் போதும். மரம் ஏறுகிறவரோ ஊருக்கு நாலைந்து பேர்தான், அவர்களும் தங்கள் பிள்ளைகளை ஏற விடுவதில்லை. மரத்துக்கிருந்த இன்னொரு பழைய வருமானமான கள், 1948ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தபோது நின்றது. இடையில் சில ஆண்டுகள் கடை திறந்து, 1987லிருந்து தடையாகவே இருக்கிறது.

*

தென்னை தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிட்டது என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. 25 அடிக்கு ஒரு மரம் என்றால் ஏக்கருக்கு 70 மரம். சொட்டுநீரில் கோடைக்கு மரம் ஒன்றுக்கு நாளுக்கு ஏறக்குறைய 60 லிட்டர். வருசம் முழுக்க அதே அளவு விட்டாலும் ஏக்கருக்கு 15 லட்சம் லிட்டரைத்தான் ஒட்டி வரும். ஒரு போகம் நெல்லுக்கு 1200 மில்லிமீட்டர் என்று வைத்தால் ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டர். தென்னை குடிப்பது மூன்றில் ஒரு பங்கு.

வித்தியாசம் அளவில் இல்லை, நாளில் இருக்கிறது. நெல் நிறையக் குடிக்கும், ஆனால் கார்த்திகையில் குடிக்கும். குடித்ததில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கிப் பக்கத்துக் கிணறுகளை ஊற வைக்கும். மழை பொய்த்தால் வயலைத் தரிசாகப் போடலாம், ஒரு வருசப் பட்டினியோடு முடியும். தென்னையைத் தரிசு போட முடியாது. பூங்குலையின் கரு மரத்துக்குள் உருவாகிறதிலிருந்து காய் முற்றி வெட்டுக்கு வருகிற வரை 44 மாதம். அதில் 32 மாதம் கண்ணுக்கே தெரியாமல் குருத்துக்குள் நடக்கிறது. 2016ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. அந்த வறட்சியின் கணக்கை மரம் அடுத்த இரண்டு மூன்று வருச வெட்டிலும் எழுதிக்கொண்டே இருந்தது. குரும்பை உதிர்ந்தது, காய் சிறுத்தது, பல மரங்கள் தலை சாய்ந்து நின்றே போயின.

அதனால் தோப்புக்காரர் கிணற்றை விட முடியாது. கிணறு வற்றினால் உள்ளே போர், அது வற்றினால் இன்னும் ஆழமாக ஒரு போர். கடன் வாங்கியாவது போடுவார். அறுபது வருச முதலீட்டை ஒரு கோடையில் விட யாருக்கும் மனசு வராது. இதில் தனிப்பட்ட யார் மேலும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கூட்டிப் பார்த்தால் ஒன்று நடந்திருக்கிறது. எல்லாருக்கும் சொந்தக் கிணறு வந்தபின் மடையில் யாருக்கும் வேலை இல்லை. வரத்துக்கால் தூர்ந்தால் கேட்க ஆளில்லை, ஏனென்றால் அந்தத் தண்ணீருக்காக யாரும் காத்திருக்கவில்லை. கண்மாயின் பொறுப்பு ஊரிடமிருந்து அதிகாரிகளிடம் போனது. கிணற்றை ஊற வைப்பது அந்தக் கண்மாய்தான் என்பது, கிணறு வற்றும்போது மட்டும் ஞாபகம் வருகிறது.

பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகள் இருக்கிற வத்திராயிருப்புப் பக்கம் இன்னும் நெல்லும் கண்மாய்ப் பாசனமும் மூச்சு விடுவதை வைத்து, பொதுத் தண்ணீர் நிச்சயமாக வருகிற இடத்தில் ஊர்க் கட்டும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

*

மலைப்பக்கம் இன்னொரு பங்காளி இருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல்நிற அணில் சரணாலயம் 1988ல் அறிவிக்கப்பட்டது. 2003ல் யானைகள் காப்பகம். 2021ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம், தமிழ்நாட்டின் ஐந்தாவது. காட்டின் எல்லை முடிகிற இடத்தில் பட்டா நிலம் தொடங்குகிறது, அதில் தோப்பு. அந்த அணிலுக்கு மா, தென்னை, இலவம் நிற்கிற அடிவாரத் தோப்பு காட்டின் தொடர்ச்சிதான். வேலியைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

யானைக்கும் தெரியாது. நெல் இருந்த காலத்தில் யானை வராமல் இல்லை. ஆனால் வயலில் தீனி இருந்தது ஒரு பருவம். தோப்பு பன்னிரண்டு மாதமும் பச்சை, உள்ளே தொட்டியில் தண்ணீரும் உண்டு. யானை இளம் மரத்தைச் சாய்த்துக் குருத்தைப் பிடுங்கித் தின்னும். தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான், குருத்து போனால் மரம் போச்சு. வாழை என்றால் அடுத்த வருசம் வரும். தென்னைக்கு மறுபடி ஆறேழு வருசம். ராத்திரி தகரம் தட்டிக் காவல் கிடக்கிறவர் கேட்பது நஷ்டஈடு மட்டும் அல்ல, அந்த ஆறு வருசத்தை. அதை எந்த மனுவிலும் எழுத இடமில்லை.

பூச்சியும் நோயும் இன்னொரு திசையிலிருந்து. ஈரியோபைட் சிலந்தி 1998ல் கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் முதலில் தென்பட்டு மலை தாண்டியது. சுருள் வெள்ளை ஈ 2016ல் பொள்ளாச்சிப் பக்கம் கண்டறியப்பட்டது. 1882 வெள்ளத்துக்குப் பின் திருவிதாங்கூரில் கவனிக்கப்பட்ட வேர் வாடல் நோய் இன்று தேனி, தென்காசி, பொள்ளாச்சி வரை வந்துவிட்டது, அதற்கு மருந்து இல்லை. வருசம் முழுக்க ஒரே மரமாக மலையோரம் நெடுக நிற்பது நோய்க்கு ரோடு போட்டுக் கொடுத்தது போல.

விலையும் நம் கையில் இல்லை. 2007லிருந்து ரேஷன் கடையில் பாமாயில் கிடைக்கிறது. 2010லிருந்து ஆசியான் ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. மலேசிய, இந்தோனேசியப் பனையெண்ணெயின் விலைதான் இங்கே கொப்பரையின் தலையெழுத்தை எழுதுகிறது. ரேஷனில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். காய் நிறைய இருக்கும்போது விலை இருக்காது. 2025ல் போல விலை ஏறும்போது மரத்தில் காய் இருக்காது.

*

இதற்கெல்லாம் பதிலாக ஊரில் எல்லாரும் சொல்வது ஒன்று: மலைக்கு அந்தப் பக்கத் தண்ணீரை இங்கே திருப்பு. பம்பை, அச்சன்கோவில் ஆறுகளை வைப்பாற்றோடு இணைக்கும் திட்டத்துக்கு தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை 1995ல் சாத்தியக்கூறு அறிக்கை தயாரித்தது. ஆண்டுக்கு 634 மில்லியன் கனமீட்டர் இந்தப் பக்கம் வரும் என்பது கணக்கு. வீணாகக் கடலுக்குப் போகிறது என்கிறோம் நாம். குட்டநாட்டு வயல்களில் கடல் உப்பு ஏறாமல் தடுப்பதே அந்தத் தண்ணீர்தான் என்கிறார்கள் அவர்கள். இரண்டு பேருக்கும் பயிர் இருக்கிறது, இரண்டு பேருக்கும் பயம் இருக்கிறது.

எனக்குள்ள கேள்வி அதற்கு முந்தியது. அந்தத் தண்ணீர் நாளையே வந்தாலும், வந்து எங்கே நிற்கும்? நிறுத்த வேண்டிய கண்மாய்க்கு மடை திறக்கவும் கலுங்கு பார்க்கவும் ஊரில் யார் மிச்சம் இருக்கிறார்கள்? மூதுரையின் முதல் பாட்டில் ஔவை தென்னையை நன்றிக்கு உவமையாக வைத்தாள்: காலில் வாங்கிய தண்ணீரைத் தலையால் திருப்பித் தருகிற மரம் என்று. வாங்கியவனிடம் திருப்பித் தருகிற வரை உவமை சரி. இங்கே வாங்கியது ஊர்க் கண்மாயிடம், திருப்பிக் கொடுப்பது கிணற்றுக்காரரிடம். அந்தக் கடன் அப்படியே நிற்கிறது.

தென்னைக்கு மற்ற மரங்களைப் போல ஆண்டு வளையம் கிடையாது. தொல்காப்பியர் இந்த வகையை, வெளியே வைரம் பாய்ந்ததை, மரத்தில் சேர்க்காமல் புல்லில்தான் சேர்த்தார். ஆனால் வருசத்துக்குப் பன்னிரண்டு பதினான்கு மட்டை விழும், ஒவ்வொன்றும் தண்டில் ஒரு தழும்பை விட்டுப் போகும். தண்ணீர் குறைந்த வருசத்தில் வளர்ந்த பகுதி ஒடுங்கி இருக்கும்; பிறகு எத்தனை மழை பெய்தாலும் அந்த இடம் பெருக்காது. அய்யனார் கோயில் சாலையில் அடுத்தமுறை போகும்போது வண்டியை நிறுத்தி, வயதான மரம் ஒன்றை அண்ணாந்து பாருங்கள். தழும்பைக் கீழிருந்து எண்ணிக்கொண்டே போனால், இடுப்புச் சிறுத்த இடங்கள் வரும். கிணறு எந்த வருசம் வற்றியது என்று அங்கே எழுதியிருக்கும்.